காஷ்மீரில் ஒரு நீர்ப்பாய்ச்சி

அப்பாவையும் அம்மாவையும் காஷ்மீருக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் படம் போட்ட நாளிலிருந்து ஆளாளுக்கு "பனி பார்த்தீங்களா, குதிரை ஏறினீங்களா, எவ்வளவு ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பனி பார்க்கவில்லை. போனது அக்டோபர் நடுவில், தூரத்து மலை உச்சியில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். குதிரை ஏறவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி. செலவைப் பற்றி இன்னொரு நாள் உட்கார்ந்து அழுதுகொள்கிறேன். ஐந்து நாளும் நாங்கள் பார்த்தது தோட்டம், தோட்டம், திரும்பவும் தோட்டம். முகலாய ராஜாக்கள் போட்ட தோட்டங்கள். நான் போட்ட திட்டம் அப்படி இல்லை, அப்பா பிடித்த பிடி அப்படி ஆக்கிவிட்டது.

என் திட்டப்படி தோட்டங்களுக்கு ஒரே ஒரு மதியம். ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, மறுநாள் குல்மார்க், அதற்கடுத்த நாள் பஹல்காம் என்று எல்லோரும் போகிற மாதிரிதான் போட்டிருந்தேன். முதல் நாளே சொதப்பியது. ஸ்ரீநகரில் இறங்கியதும் என் போன் செத்துப்போனது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டுதான் வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாம், எனக்குத் தெரியவில்லை. எங்களுக்காக வந்து நின்ற டிரைவரைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அப்புறம் சாப்பாடு. அப்பாவுக்குச் சோறு கிடைக்குமா என்று கவலைப்பட்டதுதான் மிச்சம், காஷ்மீரிகள் நம்மைவிடச் சோறு தின்கிறவர்கள்.

ஷாலிமாருக்குள் நுழைந்தபோது மூடுவதற்கு அரைமணி நேரம்தான் பாக்கி. நடுவில் நேராக மேலே ஏறிப்போகும் அகலமான கால்வாய், இரண்டு பக்கமும் புல்தரை, யானைக்கால் யானைக்காலாகச் சினார் மரங்கள், பின்னால் மலை. படத்தில் பார்த்த அதே இடம்தான். ஆனால் நீரூற்றுகள் நின்றுவிட்டிருந்தன. கால்வாயில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தேங்கிய தண்ணீர், அதில் மிதக்கும் இலைகள். நான் பாட்டுக்கு டேலியாவையும் சாமந்தியையும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் கால்வாய் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கல்லைத் தடவிப் பார்த்து, தண்ணீர் ஏறி நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று விரலால் அளந்துவிட்டுத் திரும்பினார்.

"ஏம்மா, மடைய அடைச்சிட்டாய்ங்களா?"

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆனால் தாத்தா எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். சிவகங்கைப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மடையைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கான நெல்லை அளந்து போட்டுவிடுவார்கள். அப்பா பதினைந்து வயது வரைக்கும் தாத்தா பின்னாலேயே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். முப்பது வருஷம் பஸ்ஸில் விசிலடித்தும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்ப்பார். கோயில் குளத்துக்குப் போனால் சாமி கும்பிடுவதற்கு முன்னால் வரத்துக்கால் எங்கே என்று தேடுவார். எனக்கு இதெல்லாம் சின்ன வயதில் பெரிய மானக்கேடு.

"தண்ணியில்லாம இதைப் பாத்து என்ன செய்ய? நாளைக்கு வருவோம்" என்றார். குல்மார்க் அங்கேயே போய்விட்டது. எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்குப் போனோம். இது உங்களுக்கும் உபயோகப்படும்: ஜபர்வான் மலை இந்தத் தோட்டங்களுக்குக் கிழக்கே நிற்கிறது, காலை வெயில் அதைத் தாண்டி இறங்குவதற்கு நேரமாகும், சீக்கிரம் போனால் நிழலில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாசலுக்குப் போகும்போதே சத்தம் கேட்டது. மழை பெய்து ஓய்ந்ததும் ஓட்டுவீட்டுத் தாழ்வாரத்தில் கேட்குமே, அது நூறு வீட்டுக்குச் சேர்ந்து கேட்கிற மாதிரி. உள்ளே போனால் நேற்றுப் பார்த்த இடமே இல்லை. கால்வாய் முழுக்கத் தண்ணீர், நடுவில் வரிசையாக ஊற்றுகள், ஒவ்வொரு தட்டிலிருந்தும் அடுத்த தட்டுக்கு வெள்ளையாக விழும் அருவி. நேற்று வெறும் கற்பலகையாகக் கிடந்த மேடைகள் இன்று தண்ணீருக்கு நடுவே தீவு மாதிரி நின்றன. அம்மாகூட பெஞ்சைத் தேடவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்பர் 1586-ல் காஷ்மீரைப் பிடித்தார். அவர் மகன் ஜஹாங்கீருக்கு இந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு பைத்தியம், வெயில் ஏறினால் மலையேறிவிடுவார். ஒரு பேரரசையே மூட்டைகட்டிப் பீர் பஞ்சால் கணவாய் வழியாக இங்கே தூக்கிக்கொண்டு வருவது என்றால் சும்மாவா? 1619 வாக்கில் ஷாலிமாரைத் தொடங்கினார். இங்கே ஓடிக்கொண்டிருந்த ஓடையை மறித்து ஓர் அருவி மாதிரி செய் என்று மகன் குர்ரமிடம் சொன்னதாக அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் குர்ரம்தான் பிற்பாடு ஷாஜஹான். தாஜ்மஹாலுக்குக் கை வைப்பதற்கு முன்னால் பையன் வாய்க்கால் வெட்டிப் பழகியிருக்கிறான் என்று அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அன்று முழுக்க ஷாஜஹானை "அந்த வாய்க்கால்காரன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் மேல்பகுதி 1630 வாக்கில், ஷாஜஹான் காலத்தில், காஷ்மீரை ஆண்ட ஜஃபர் கான் என்ற ஆளுநர் சேர்த்தது.

இந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர்மேல் இருந்த ஏக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜஹாங்கீரின் கொள்ளுத்தாத்தா பாபர் காபூல் பக்கத்திலிருந்து இறங்கி வந்து இந்துஸ்தானத்தைப் பிடித்தபிறகு, இங்கே ஓடும் தண்ணீர் கிடையாது, தோட்டம் கிடையாது என்று எழுதிவைத்துப் புலம்பியவர். ஆக்ராவிலும் டெல்லியிலும் தரை சமதளம். ஒரு நீரூற்றை எகிறவைக்க வேண்டுமென்றால் மாடு கட்டி இறைத்து, உயரத்தில் ஒரு தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து குழாயில் இறக்க வேண்டும். சதுரமாக மனையைப் பிடித்து, நடுவில் இரண்டு கால்வாய் ஓட்டி, நாலு பாகமாகப் பிரிப்பது அவர்களுடைய பாரசீகக் கணக்கு. அந்தச் சதுரத்தைக் காஷ்மீரில் மலைச்சரிவின் மேல் வைத்தபோது அது நீண்டுகொண்டே போய்விட்டது. மேலே ஹர்வன் பக்கத்திலிருந்து வரும் ஓடை தோட்டத்தின் தலைமாட்டில் நுழைகிறது, தட்டுத் தட்டாக இறங்குகிறது, கால்மாட்டில் வெளியேறி ஒரு நீளமான கால்வாய் வழியாகத் தால் ஏரிக்குப் போகிறது. மாடும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம். அன்றைக்கு ஊற்றுகள் எகிறியதெல்லாம் உயரத்து வித்தியாசத்தில் மட்டும்தான்.

இதை நான் அப்பாவுக்கு விளக்கப் போனால் அவர் எனக்கு விளக்கினார். "வாட்டம்மா, எல்லாம் வாட்டம். மேல ஒரு ஆள் உசரம் தண்ணி நின்னா கீழ கிட்டத்தட்ட அவ்வளவுக்கு எகிறும். ரொம்ப வாட்டம் விட்டா தண்ணி ஓடிப்போயிரும், கம்மியா விட்டா பாசி புடிச்சு நாறும். ஓடுறதும் தெரியக்கூடாது, நிக்கிறதும் தெரியக்கூடாது." சொல்லிவிட்டு ஒரு காய்ந்த சினார் இலையைக் கால்வாயில் போட்டார். அது ஊற்றுகளுக்கு நடுவே தடுமாறி, ஒதுங்கி, திரும்ப நடுவுக்கு வந்து போனது, அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடந்தார். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை, சாதாரணமாக ஒருவர் உலாவப் போகிற நடை. ஒரு தட்டின் விளிம்பில் இலை விழுந்து காணாமல் போனதும் திரும்பிப் பார்த்தார். "ஆள் நடக்குற வேகத்துக்கே விட்டுருக்கான் பாரு."

வேண்டுமென்றே அப்படிக் கணக்குப் போட்டார்களா, தற்செயலா, எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கப்புறம் அந்தக் கால்வாயை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

ஷாலிமாரில் நீங்கள் நேரமெடுத்துப் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, அருவிக்குப் பின்னால் இருக்கும் சுவர். தண்ணீர் விழுகிற திரைக்கு அந்தப் பக்கம், சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன வளைவு மாடங்கள் வரிசை வரிசையாக இருக்கும். சீனிகானா என்று பெயர். பகலில் பூஜாடி, ராத்திரியில் விளக்கு வைப்பார்களாம். நம் வீட்டு மாடக்குழியில் அகல் வைக்கிறோம், இவர்கள் அதைத் தண்ணீருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். காற்று அணைக்காது, தண்ணீர்த் திரை சுடரை ஆட்டி ஆட்டிக் காட்டும். இப்போது விளக்கு கிடையாது. ஒரு மாடத்தில் சிப்ஸ் பாக்கெட் இருந்தது. இன்னொன்றில், தண்ணீர் தெறிக்காத மூலையில், ஒரு குருவி உட்கார்ந்து இறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

இரண்டாவது, மேல்தட்டில் இருக்கும் கறுப்புக்கல் மண்டபம். ராஜகுடும்பத்துப் பெண்களுக்கான பகுதி அது. கீழ்த்தட்டு பொதுஜனம் ராஜாவைப் பார்க்க, நடுத்தட்டு வேண்டப்பட்டவர்களுக்கு, மேல்தட்டு வீட்டுப் பெண்களுக்கு. மண்டபத்தின் நாலு பக்கமும் தண்ணீர், சுற்றிலும் ஊற்று. தூணில் கை வைத்தால் ஜில்லென்று எண்ணெய் தேய்த்த மாதிரி வழுக்குகிறது. 1665 வாக்கில் ஒளரங்கசீப்போடு காஷ்மீர் வந்த பெர்னியே என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்தத் தோட்டத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஏரியிலிருந்து கால்வாயில் படகேறி வந்துதான் நுழைவார்கள், தண்ணீர் இறங்கும், ஆட்கள் எதிர்த்து ஏறுவார்கள். ஒவ்வொரு தட்டாக ஏற ஏறத்தான் அடுத்த தட்டு கண்ணுக்குத் தெரியும். இப்போது நாம் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு டிக்கெட் வாங்கி நுழைகிறோம், பாதி ஆச்சரியம் பார்க்கிங்கிலேயே போய்விடுகிறது.

பூக்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் படம் எடுப்பது இந்தப் பாத்திகளைத்தான், நானும் எடுத்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் டேலியா மெக்ஸிகோ செடி, ஜஹாங்கீர் அதைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார். அவர் காலத்தில் பழமரம், நிழல்மரம், ரோஜா, தண்ணீர், இவைதான் தோட்டம். செர்ரி மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. இன்றைக்கு இருக்கும் வெட்டிச் சீவிய புல்தரையும் கலர்கலரான பாத்தியும் பின்னால் வந்தவர்களின் ரசனை. அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியில் எல்லாம் அக்கறை இல்லை. வாடகைக்குக் காஷ்மீரி உடுப்பு மாட்டிப் படம் எடுக்கிறவர்கள் வழியில் நிற்பார்கள், அவர்களிடம் போய் சுங்குடிச் சேலைக்கு மேலேயே ஒரு வெல்வெட் அங்கியை மாட்டிக்கொண்டு, தலையில் சரிகை முக்காடு, கையில் பிளாஸ்டிக் பூக்கூடை, முகத்தில் ஆதார் அட்டைக்குப் போஸ் கொடுக்கிற இறுக்கம். எங்கள் பயணத்திலேயே சிறந்த படம் அதுதான்.

சினார்களைச் சொல்லாமல் விடமுடியாது. அக்டோபரில் இலை பச்சையிலிருந்து மஞ்சள், செம்பு, ரத்தச் சிவப்பு என்று மாறுகிறது, ஒரே மரத்தில் எல்லா நிறமும் இருக்கும். உள்ளங்கையை விரித்த மாதிரி இலை. தோட்டத்துக்கு வெளியே பெண்கள் சாக்குச் சாக்காக உதிர்ந்த இலையை அள்ளிக்கொண்டிருந்தார்கள். குவித்து எரித்து, முழுக்கச் சாம்பலாகிவிடாமல் தண்ணீர் தெளித்து அணைத்தால் கரி. குளிர்காலத்தில் பெரனுக்குள், அந்தத் தொளதொள அங்கிக்குள், வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டிக்கு அதுதான் எரிபொருள். ராஜாக்கள் நட்ட மரம் என்று சொல்லிக்கொள்கிறோம், இந்த ஊர்க்காரர்கள் வயிற்றோரம் அணைத்துக்கொள்ளும் சூடு அந்த மரத்திலிருந்து உதிர்வது.

அன்று சாயங்காலம் நிஷாத். இதற்குச் சாயங்காலம்தான் சரியான நேரம், முன்னால் மேற்கே தால் ஏரி, சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கும். வெயில் முழுக்கத் தோட்டத்தின் மேல் விழுந்து சினார்கள் பற்றி எரிகிற மாதிரி நின்றன. 12 ராசிக்கு 12 தட்டு. மேல்தட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் உன் காலடியில் கிளம்பி ஏரிக்குள்ளேயே போய் விழுகிற மாதிரி தெரியும். உண்மையில் கீழ்த்தட்டு ஏரியைத் தொடுவதற்கு முன்னால் தார்ரோடு ஒன்று குறுக்கே போகிறது, அதில் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஆனால் மேலேயிருந்து ரோடு கண்ணில் படாது.

ஷாலிமாரில் சாதாரணமாகத் தெரியும் சரிவுக் கற்கள் இங்கே பிரமாதம். ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் செங்குத்தாக விழாமல், சாய்த்து வைத்த கல்பலகை மேல் இறங்கும். பலகை முழுக்க மீன்செதில் மாதிரி, அலை மாதிரி கொத்தியிருக்கிறார்கள். தண்ணீர் அந்தச் செதில்களில் மோதிப் பொங்கி நுரையாகி வெள்ளைத் துணி விரித்த மாதிரி வருகிறது, அதனால்தான் சாதர், போர்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பா பார்த்ததும் "கலுங்கு பாயுது" என்றார். கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து பாய்வதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் அவருக்கு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நிஷாத்துக்கு ஒரு கதை உண்டு, காஷ்மீரில் எல்லா கைடும் சொல்வார்கள். எங்களுக்கு டிரைவர் சொன்னார், நான் தமிழில் மாற்றி அப்பாவுக்குச் சொன்னேன். 1633-ல் இந்தத் தோட்டத்தைப் போட்டவர் ஆசஃப் கான். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானின் அண்ணன், மும்தாஜின் அப்பா, அதாவது ஷாஜஹானுக்கு மாமனார். தோட்டத்தைப் பார்க்க வந்த மாப்பிள்ளை அசந்துபோய் "ஆகா, பிரமாதம்" என்று மூன்று தடவை சொன்னாராம். ராஜா ஒரு பொருளை மூன்று தடவை புகழ்ந்தால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. மாமனார் வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்த ஷாஜஹான் நிஷாத்துக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஷாலிமாருக்கும் நிஷாத்துக்கும் ஒரே இடத்திலிருந்துதான் தண்ணீர், மேலே ஒரு அடைப்புப் போட்டால் போதும். தோட்டம் காய்ந்துபோனது. ஆசஃப் கான் ஒருநாள் காய்ந்த கால்வாய்க்குப் பக்கத்தில் மரத்தடியில் துக்கத்தோடு படுத்துத் தூங்கிவிட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழித்தால் ஊற்றெல்லாம் எகிறுகிறது. எசமான் படுகிற வருத்தத்தைப் பொறுக்காமல் ஒரு வேலைக்காரன் போய் அடைப்பைத் திறந்துவிட்டிருக்கிறான். ஆசஃப் கானுக்கு உயிரே போய்விட்டது, ராஜா உத்தரவை மீறினால் தலை தப்புமா? விஷயம் ஷாஜஹான் காதுக்குப் போனது. அவர் அந்த வேலைக்காரனைத் தண்டிக்கவில்லை, நிஷாத்துக்கு நிரந்தரமாகத் தண்ணீர் உரிமை எழுதிக் கொடுத்துவிட்டார்.

கதை உண்மையோ பொய்யோ, முதல் நாள் ஷாலிமாரைத் தண்ணீரில்லாமல் பார்த்திருந்ததால் எங்களுக்கு அது உறைத்தது. நான் மாமனார் மருமகன் சண்டையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கேட்ட கேள்வி வேறு.

"அந்த மடையத் தொறந்த ஆளு பேரு என்ன?"

டிரைவரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார். மாமனார் பேர் தெரியும், மருமகன் பேர் தெரியும், மருமகனின் அத்தைமாமியார் பேர்கூடத் தெரியும். அப்பா "உம்" என்றார். ராத்திரி வேளையில் பக்கத்து ஊர்க்காரர்கள் மடையைத் திறந்துவிட்டு, தாத்தா இருட்டில் தடியோடு போய் அடைத்து, பஞ்சாயத்து கூடிய கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு, எல்லாத் தீபாவளிக்கும் அதைச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை. வாசலில் வந்து கஹ்வா குடித்தோம், குங்குமப்பூவும் ஏலக்காயும் பாதாமும் போட்ட டீ. உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாயையும் அப்பா முயற்சி செய்தார், ஒரு மிடறு, அப்புறம் டம்ளரை மெதுவாக என் பக்கம் நகர்த்திவிட்டார். தாமரைத் தண்டை மாவில் தோய்த்துப் பொரித்து நத்ரு மோஞ்சி என்று விற்கிறார்கள், அம்மா ஒரு கடி கடித்துவிட்டு "நம்ம தாமரத்தண்டு வத்தல்தான, இங்க பச்சையாப் பொரிக்கிறாக" என்று இரண்டு பொட்டலம் வாங்கினார்.

சஷ்மே ஷாஹியும் பரி மஹாலும் மூன்றாம் நாள். சஷ்மே ஷாஹி சின்னது, ஷாஜஹான் காலத்தில் கட்டியது, ஒரு சுனையைச் சுற்றி மூன்று தட்டு. அந்தச் சுனைத் தண்ணீர் செரிமானத்துக்கு நல்லது என்று சனங்கள் கேன் கேனாகப் பிடிக்கிறார்கள், நேருவுக்கு டெல்லிக்கே போனதாம். குடித்தோம், ஜில்லென்று இருந்தது. பரி மஹால் இன்னும் மேலே, ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷிகோ கட்டியது. தண்ணீர் இல்லை, இடிந்த வளைவுகள்தான், ஆனால் தால் ஏரி முழுக்க அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். வழியில் சோதனைச்சாவடி உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். அப்பா பத்து நிமிஷத்தில் "போலாமா" என்றுவிட்டார்.

நாலாம் நாள் பஹல்காமைத் தியாகம் செய்துவிட்டு வேரிநாக் போனோம், ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வழியில் பாம்போர் குங்குமப்பூ வயல்கள், இன்னும் பூக்க ஆரம்பிக்கவில்லை, வெறும் செம்மண் பாத்திகள். "இதுக்கா கிராம் இத்தன ரூவா" என்று அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அச்சபலில் நூர்ஜஹானின் தோட்டத்தையும் எட்டிப் பார்த்தோம், அங்கே தண்ணீர் அலங்காரம் பண்ணிக்கொள்ளாமல் மலையடிவாரத்திலிருந்து தடதடவென்று வருகிறது.

வேரிநாக்தான் ஜீலம் நதியின் தலை. மலை அடிவாரத்தில், பைன் மரங்களுக்குக் கீழே, எட்டுப் பக்கமாகக் கல்லால் கட்டிய ஒரு குளம். 1620-ல் ஜஹாங்கீர் கட்டியது என்று சுவரில் பாரசீகத்தில் கல்வெட்டு இருக்கிறது. சுற்றிலும் வளைவு வளைவாக மண்டபம். தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது, மயில்கழுத்து என்று பட்டுப்புடவைக் கடையில் காட்டுவார்களே, அது. உள்ளே கறுப்பாக மீன்கள் நூற்றுக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. ஊற்று எங்கே பொங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை, மேல்பரப்பில் ஒரு சுழிகூட இல்லை, ஆனால் வெளியேறும் வாயில் ஒரு ஆறே புறப்பட்டுப் போகிறது.

ஜஹாங்கீருக்கு இங்கேதான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று ஆசையாம். 1627 அக்டோபர் 28-ல், காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் செத்துப்போனார். கடைசியில் புதைத்தது லாகூருக்குப் பக்கத்தில் ஷாதராவில், ராவி நதிக்கரையில். வேரிநாக்கில் புறப்படும் ஜீலம் ஸ்ரீநகர் வழியாக ஊலர் ஏரிக்குள் புகுந்து வெளியேறி, பாகிஸ்தானுக்குள் போய், செனாபோடு சேர்ந்து, அப்புறம் ராவி வந்து அதில் கலக்கிறது. வரைபடத்தைப் பார்த்து இதை அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் கோட்டைத் தொடர்ந்தார். "அவரு கல்லறையத் தாண்டி வர்ற தண்ணியும் இந்தத் தண்ணியும் அங்க சேந்துருதா? சரிதான்."

குளத்திலிருந்து கிளம்பும் கால்வாய் நேராகத் தோட்டத்தின் நடுவே போகிறது. அம்மா கரையில் உட்கார்ந்து காலை நனைத்து, ஐயோ என்று இழுத்துக்கொண்டு, திரும்ப நனைத்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், கால்வாய் தோட்டத்தை விட்டு வெளியேறும் கடைசியில் நிற்கிறார். அங்கே இரும்புக் கம்பித் தடுப்பில் சினார் இலையும் குச்சியும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு, தண்ணீர் பின்னால் ஏறிக் கரையில் வழிந்துகொண்டிருந்தது. பெரன் போட்ட, அப்பா வயதுள்ள ஒருவர், தோட்டத்து ஆளா ஊர்க்காரரா தெரியவில்லை, நீளமான கழியால் அதை இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கீழே கிடந்த ஒரு கிளையை எடுத்தார்.

"யப்பா, தண்ணி ஐஸா இருக்கு, சளி புடிக்கும்" என்று கத்தினேன். காதில் வாங்கவே இல்லை. அந்த ஆள் ஏதோ காஷ்மீரியில் சொன்னார், அப்பா தமிழில் "அடியில இருந்து குத்துங்க, மேல இழுத்தா வராது" என்றார். அவரும் அடியில் குத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நெம்பு நெம்பியதும் அந்த இலை மெத்தை மொத்தமாகப் பிய்ந்து புரண்டு வந்தது, தேங்கி நின்ற தண்ணீர் ஓவென்று சத்தத்தோடு இறங்கிப் போனது. அந்தப் பக்கம் கார்க் கதவைச் சாத்தும் சத்தம், டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அப்பா கிளையைக் கரையில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இனிமே போகும்" என்றார்.